மார்கழிப் பனியில் ஒரு தேடல்

 

இன்று செஞ்சிப் பக்கத்துத் தொண்டூரில், உங்கள் முன் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு விளையாட்டு. அதன் பேர் ஜியோகேச்சிங். கேள்விப்படாத பேராக இருக்கலாம். ஆனால் அதன் உயிர்நாடி உங்களுக்குத் தெரிந்ததுதான். மணலை நீளமாகக் குவித்து, அதற்குள் ஒரு சிறு குச்சியை நகர்த்தி நகர்த்தி ஒளித்து வைத்துவிட்டு, எதிரே இருப்பவரை இரண்டு கைகளையும் கோத்துப் பொத்தச் சொல்வோமே, கிச்சுக்கிச்சுத் தாம்பாளம்! அந்த மணல் குவியலை ஒரு மலையாகவும் காடாகவும் பூங்காவாகவும் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். குச்சிக்குப் பதில் ஒரு சிறிய டப்பா. கைகளைக் கோப்பதற்குப் பதில் கைப்பேசியில் இரண்டு எண்கள். இதுதான் அந்த விளையாட்டு.

டப்பாவுக்குள் என்ன இருக்கும்? தங்கமா, வைரமா? ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருக்கும். ஒரு பென்சில் இருக்கும். சில டப்பாக்களில் பாசிமணி, பொம்மை, வெளிநாட்டு நாணயம் என்று சில்லறைச் சாமான்கள் இருக்கும். கண்டுபிடித்தவர் நோட்டில் தம் பெயரையும் தேதியையும் எழுதுவார். ஒரு பொருளை எடுத்தால் அதே மதிப்புள்ள இன்னொன்றை வைப்பார். பிறகு எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே டப்பாவை வைத்துவிட்டு வந்துவிடுவார். இவ்வளவுதான் விதி. இதற்காகவா மலை ஏறுகிறார்கள் என்று கேட்பீர்கள். ஆமாம், இதற்காகத்தான் ஏறுகிறார்கள். உலகம் முழுவதும் இப்படி ஒளித்து வைத்த இடங்கள் முப்பது லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன.

இது எப்படித் தொடங்கியது? அமெரிக்க ராணுவம் வானில் நிறுத்தியிருக்கும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் குறிப்பைப் பொதுமக்கள் அந்நாளில் துல்லியமாகப் பெற முடியாது. வேண்டுமென்றே அதில் பிழை கலந்து அனுப்பினார்கள். நாம் இருக்கும் இடத்தை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், அமெரிக்க அதிபர் கிளிண்டனின் ஆணைப்படி அந்தப் பிழை கலப்பை நிறுத்தினார்கள். நிறுத்திய மறுநாள், மே 3ஆம் தேதி, டேவ் அல்மர் என்ற கணினிப் பொறியாளர் ஓரிகான் மாநிலத்தில் ஒரு காட்டோரத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியை வைத்தார். உள்ளே சில புத்தகங்கள், ஒளிநாடா, உண்டிவில், கொஞ்சம் பணம், ஒரு தகர டப்பா பயறு. வாளி இருக்கும் இடத்தின் எண்களைப் பொதுவில் அறிவித்தார். மூன்றே நாளில் இரண்டு பேர் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள்! அந்த மாதம் முடிவதற்குள் விளையாட்டுக்கு இந்தப் பேரும் வந்துவிட்டது.

மாணவச் செல்வங்களே, அந்த இரண்டு எண்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பள்ளியில் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு என்று மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோமே, அவைதான் இந்த எண்கள். நம் செஞ்சி, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகை 15 கலையில் இருக்கிறது. ஒரு பாகை வடக்கே போனால் 111 கிலோமீட்டர். ஒரு பாகைக்கு 60 கலை. ஆகவே ஒரு கலைக்கு 1.85 கிலோமீட்டர். அந்தக் கலையை ஆயிரமாகப் பிரித்தால்? ஒரு பங்கு இரண்டு மீட்டருக்கும் குறைவு! என் கையை இரண்டு பக்கமும் நீட்டினால் வரும் நீளம். விளையாடுகிறவர்கள் கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எழுதித் தருகிறார்கள். பூமி முழுவதிலும் ஒரு பாறையை, ஒரு மரத்தடியை, ஒரு மதகைத் தனியாகச் சுட்டிக்காட்ட அது போதும். கணக்குப் பாடமும் புவியியல் பாடமும் காலால் நடந்து படிக்கக் கிடைக்கின்றன.

ஆனால் எண் எல்லாவற்றையும் செய்துவிடாது. திறந்த வெளியில் நல்ல கைப்பேசி மூன்று மீட்டர், ஐந்து மீட்டர் வரை கொண்டுபோய் நிறுத்தும். பாறை இடுக்குக்குள் போனால் சமிக்ஞை கல்லில் பட்டுத் திரும்பி வந்து, கருவி தடுமாறும். அங்கிருந்து மேலே கண்தான் வேலை செய்ய வேண்டும். எந்தக் கல் இயற்கையாகக் கிடக்கிறது, எந்தக் கல் யாரோ கொண்டுவந்து வைத்தது? எந்தப் பொந்தில் சருகு குலைந்திருக்கிறது? அந்தப் பார்வை நம் தாத்தாமாருக்கு இருந்தது. நமக்குக் குறைந்துகொண்டே வருகிறது.

இடத்தைக் குறிக்கும் கலை நமக்குப் புதிதா? இல்லவே இல்லை. பல்லவர், சோழர் செப்பேடுகளை எடுத்துப் பாருங்கள். ஓர் ஊரைத் தானம் கொடுத்தால் அதன் எல்லையைச் சும்மா சொல்லிவிட மாட்டார்கள். கிழக்கெல்லை இந்த ஏரியின் கரைக்கு மேற்கு, தெற்கெல்லை இந்தப் புற்றுக்கு வடக்கு, அந்த ஓடைக்கு இப்பால், இந்த மரத்துக்கு அப்பால் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். பெண் யானையை எல்லை சுற்றி நடத்தி, அது நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் பழையனூருக்கு எல்லை சொல்லும் பகுதி ஏடு ஏடாக நீள்கிறது. ஆயிரம் வருஷம் கழித்து ஒருவர் அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் வழி தெரிய வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. பூமியை முக்கோணம் முக்கோணமாக அளக்கும் பெரும் பணியை 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆங்கிலேய அதிகாரி லாம்டன் தொடங்கியதும் நம் பக்கத்தில்தான், பரங்கிமலையில்.

சரி, பனிக்காலத்துக்கு வருவோம். தலைப்பிலேயே பனி இருக்கிறதே! கனடாவிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பனி கொட்டுகிற மாதங்களில் பூங்காக்களின் நடைபாதைகள் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த மாதங்களிலும் மனிதர்களை வீட்டைவிட்டு வெளியே இழுத்து வந்தது இந்த விளையாட்டு. அங்கே அதற்கென்று தனிச் சங்கடங்கள் உண்டு. தரையோடு வைத்த டப்பா முழங்கால் ஆழப் பனியில் புதைந்துபோகும். குளிரில் பேனா மை உறைந்துவிடும், அதனால் பென்சில்தான். மின்கலம் சீக்கிரம் இறங்கிவிடும். வெண்பனியில் முன்னால் போனவரின் காலடித் தடம் பதிந்திருக்கும், இடம் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் பனிக்காலத்திலும் எடுக்க முடியும் என்ற இடங்களுக்குத் தனி அடையாளமே போட்டு வைக்கிறார்கள்.

நமக்கு முன்பனிக்காலம் மார்கழியும் தையும். இங்கே பனி என்றால் புல்நுனியில் நிற்கும் நீர். ஆனால் செஞ்சிப் பக்கத்தில் நடப்பதற்கு ஆண்டு முழுவதிலும் இந்த இரண்டு மாதத்தைப் போலக் காலம் வேறு இல்லை. ஏன்? ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து ஏரி நிறைந்திருக்கும். நெல் கதிர் பிடித்திருக்கும். ஏரியில் வலசைப் பறவைகள் இறங்கியிருக்கும். சித்திரையில் காலை ஒன்பது மணிக்கே கை வைக்க முடியாமல் சுடும் பாறை, மார்கழியில் நண்பகலிலும் உட்கார இடம் கொடுக்கும். இன்னொரு காரணம் மிக முக்கியமானது. மாசி பங்குனிக்கு மேல் புல் காய்ந்துவிடும், மலையில் தீப்பிடிக்கும் காலம் தொடங்கிவிடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன பிள்ளைகள் இருபதுக்கு மேற்பட்டோர் காட்டுத் தீயில் மாண்டதை நாம் மறக்க முடியுமா? நடக்க வேண்டுமென்றால் பனிக்காலத்தில் நடங்கள். வனத்துறைக்குச் சொந்தமான காடு என்றால் அனுமதி வாங்காமல் ஓர் அடி வைக்காதீர்கள்.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன்.

செஞ்சிக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னம். 2025ஆம் ஆண்டு ஜூலையில் பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு, மராட்டியர் ராணுவ நிலத்தோற்றங்கள் என்ற வரிசையில் பன்னிரண்டு கோட்டைகளைச் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது நம்முடையது! ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று மலைகளையும் வளைத்து ஓடும் மதில். 1677இல் சிவாஜி கைப்பற்றியது. பின்னால் அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயப் படை 1690 முதல் 1698 வரை சுற்றி வளைத்துக் கிடந்தது. கல்யாண மகால், நெற்களஞ்சியம், யானைக்குளம், வெங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி, எல்லாம் இந்த மதிலுக்குள். இவ்வளவையும் பார்க்கப் போகிறோம். அங்கே போய் நாம் என்ன செய்கிறோம்?

சுவரில் பெயரைக் கீறுகிறோம்.

கல்யாண மகாலின் படிகளில் ஏறிப் பாருங்கள். சுண்ணாம்புச் சுவரில் ஆணியால் கீறிய பெயர்கள். அம்புக்குறி போட்ட இதயங்கள். ஊர்ப்பெயர், வருஷம். சுண்ணாம்பை இழைத்து இழைத்து வழுவழுப்பாக்கிப் பூசிய கொத்தனாரின் உழைப்பின் மேலே ஓர் ஆணி! நான் அந்தப் பிள்ளைகளைத் திட்ட வரவில்லை. இங்கே வந்தேன், நான் இருந்தேன் என்று எழுதிவைக்கும் ஆசை மனிதனுக்கு இயல்பு. அந்த ஆசைக்கு யாரும் நியாயமான இடம் காட்டவில்லை. அதனால்தான் அது சுவரைத் தேடிப் போகிறது. இந்த விளையாட்டை நான் உங்கள் முன் கொண்டுவந்ததற்குக் காரணமே இதுதான். இது பெயர் எழுத ஒரு நோட்டைக் கொடுக்கிறது. கண்ணுக்கு வேலை கொடுக்கிறது. கல்லைக் கல்லாக விட்டுவிடச் சொல்கிறது.

அப்படியானால் கோட்டைக்குள் டப்பா ஒளித்து வைக்கலாமா? கூடாது! ஒருபோதும் கூடாது! கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குச் சேதம் விளைவித்தால் சிறையும் அபராதமும் உண்டு. சட்டத்தை விடுங்கள். ஒளித்து வைத்த பொருள் என்று ஒன்று இருந்தாலே ஒருவர் கல்லைப் பெயர்ப்பார், இன்னொருவர் மண்ணைத் தோண்டுவார். புதையல் ஆசை பிடித்தவர்கள் தமிழ்நாட்டு நடுகற்களையும் குகைகளையும் என்ன பாடு படுத்தியிருக்கிறார்கள் என்று இந்த அவையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜியோகேச்சிங் விதியே எதையும் மண்ணில் புதைக்கக் கூடாது என்கிறது. நிலத்துக்கு உரியவரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அந்த இரண்டு விதியையும் நாம் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு எப்படி விளையாடுவது? டப்பா இல்லாத வகை இருக்கிறது. எண் உங்களை ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே நீங்கள் ஒன்றைப் பார்த்து, எண்ணி, அளந்து விடை சொன்னால் கண்டுபிடித்ததாகக் கணக்கு. நிலவியலுக்கென்றே எர்த்கேச் என்று ஒரு வகை 2004இல் தொடங்கியது. பூமி எப்படி உருவானது என்று கற்றுக்கொடுக்கிற இடமாக இருக்க வேண்டும், ஒரு பொருளும் வைக்கக் கூடாது. அதற்குத் திருவக்கரையைவிடப் பொருத்தமான இடம் எது? வக்கிரகாளியம்மனைப் பார்க்கப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் கூட்டமாகப் போகிறோம். கோயிலுக்குப் பக்கத்திலேயே கல்மரப் பூங்கா! ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரங்கள் மணலில் புதைந்து, மரத்தின் திசுக்களுக்குள் மணற்சத்து ஏறி ஏறிக் கல்லாகிப்போனவை. கணுவும் தெரியும், ஆண்டு வளையமும் தெரியும், தட்டினால் கல் ஓசை கேட்கும். 1940இலிருந்து இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதைக் காத்து வருகிறது. பார்க்கப் போகிறவர்கள் ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொள்ளாமல், ஒரு மரத்தின் நீளத்தைக் காலடியால் அளந்துகொண்டு வந்தால் போதும்.

செஞ்சியை ஒட்டிச் சிறுகடம்பூரில் திருநாதர் குன்று. ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட செய்தி அங்கே பாறையில் இருக்கிறது. தமிழ் எழுத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தேடி வரும் கல்வெட்டு அது. செஞ்சிப் பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அங்கே போக வழி தெரியும்? மேல் வரிசையில் எத்தனை பேர், கீழ் வரிசையில் எத்தனை பேர் என்று ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து ஒரு பள்ளிக்கூடத்தையே அங்கே நடக்க வைக்கலாமே!

அப்புறம் உங்கள் தொண்டூர். தொண்டூர்க்காரர்களிடமே தொண்டூரைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் துணிச்சல்தான். இருந்தாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. விண்ணாம்பாறையில் பள்ளிகொண்ட திருமாலைப் பல்லவர் காலத்துச் சிற்பி பாறையிலேயே வடித்து வைத்திருக்கிறார். சமணத் துறவிகளுக்கு வெட்டிய கல்படுக்கைகளும் தமிழ்பிராமிக் கல்வெட்டும் இதே ஊரில் இருக்கின்றன. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அந்தக் கல்வெட்டைக் கி.பி. மூன்றாம் நூற்றாண்டு என்று கணித்தார். அது என்ன சொல்கிறது? இளங்காயிபன் என்பவர் சொல்ல, அகழூரின் அறமாக, மோசி என்பவர் செய்த இருக்கை என்று சொல்கிறது. சொன்னவர் யார், கொடுத்தது எந்த ஊர், செய்தவர் யார் என மூன்றும் இருக்கின்றன! அந்த அகழூர் எங்கே? இதோ பக்கத்தில் இருக்கும் உங்கள் அகலூர்! ஏறத்தாழ 1700 வருஷம் கழிந்தும் ஊர் இருக்கிறது, பேர் இருக்கிறது. மோசி அரசரல்ல. ஓர் உதவியைச் செய்துவிட்டு, அந்த உதவியின் மேலேயே அளவாகப் பேர் பொறித்துவிட்டுப் போனவர். பேர் எழுதுவதென்றால் அப்படி எழுத வேண்டும்.

இங்கே ஒரு பனிக்காலத் தேடல் பாதை போடலாம் என்பது என் யோசனை. பாறைகளில் டப்பா வேண்டாம், கேள்விகள் மட்டும் போதும். விண்ணாம்பாறையில் பெருமாளின் தலை எந்தத் திசை, கால் எந்தத் திசை? கல்படுக்கையில் தலைமாடு எப்படி உயர்த்தியிருக்கிறது? விடையை நான் சொல்லப் போவதில்லை, போய்ப் பாருங்கள். பாதை முடிகிற இடத்தில், சின்னங்களிலிருந்து நன்றாகத் தள்ளி, ஊராட்சி காட்டும் ஒரு பொது இடத்தில் ஒரே ஒரு டப்பா. உள்ளே நோட்டு. எல்லோரும் அங்கே பேர் எழுதட்டும்.

டப்பா எப்படி இருக்க வேண்டும்? உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும். சாப்பாடு எடுத்துப்போகும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பா நல்லது. மேலே தமிழில் பெரிய எழுத்தில், இது விளையாட்டுக்கு வைத்தது, ஆபத்தில்லை, ஊராட்சி அறியும் என்று எழுதி ஒட்டுங்கள். இரும்புப் பெட்டியை மரப்பொந்தில் வைத்தால் பார்த்தவர் பயந்துபோய்க் காவல் நிலையத்துக்குத்தான் ஓடுவார், அது அவர் குற்றமில்லை. தின்பண்டம் வைக்காதீர்கள். குரங்கும் எறும்பும் முந்திக்கொள்ளும்.

தேடப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விடிந்ததும் பாறையில் பனி ஈரம் இருக்கும், பாசி வழுக்கும். வெயில் ஏறட்டும், எட்டு மணிக்கு மேல் கிளம்புங்கள். குளிர்ந்த காலையில் பாம்பும் நம்மைப் போலவே வெயில் காயப் பாறைக்கு வரும். பொந்துக்குள் கையை விடாதீர்கள், முதலில் குச்சி, அப்புறம் கண், கடைசியில்தான் கை. பாறை விளிம்பில் மலைத்தேன் கூடு தொங்கினால் புகை, வாசனைத் தைலம், கூச்சல் மூன்றும் ஆகாது. தனியாகப் போகாதீர்கள். தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுபோனால் அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள், வழியில் கிடக்கும் இன்னொன்றையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். உலகமெங்கும் இந்த விளையாட்டுக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

பெரியவர்களே, இந்த வேலையில் உங்கள் பங்கு பெரிது. பாறைக்கு வழி கேட்டு வெளியூர்ப் பிள்ளைகள் வந்தால், ஆடு மேய்க்கும் பெரியவரையும் களை எடுக்கும் அம்மாவையும்தான் கேட்பார்கள். அவர்கள் சொல்லும் வழியும் சேர்த்துச் சொல்லும் கதையும் எந்தக் கைப்பேசியிலும் வராது. அந்தக் கதைகளைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதி வையுங்கள். எந்தப் பாறைக்கு என்ன பேர், எந்த மேட்டுக்கு என்ன பேர் என்று வயதானவர்களைக் கேட்டு ஒரு பட்டியல் போடுங்கள். பேர் தெரிந்த பாறையை யாரும் உடைத்து ஜல்லியாக்க லேசில் மனம் துணிய மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

பொங்கல் வரப்போகிறது. காணும் பொங்கலன்று செஞ்சிக்கோட்டையில் கால் வைக்க இடம் இருக்காது. இந்த ஆண்டு தொண்டூர்ப் பிள்ளைகளில் பத்துப் பேர் கோட்டைக்குப் போகாமல் உங்கள் ஊர்ப் பாறைகளுக்குப் போங்கள். கூட ஓர் ஆசிரியரையும் வழி தெரிந்த ஒரு பெரியவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் அந்த இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். தலைமையாசிரியரும் ஊராட்சித் தலைவரும் உட்கார்ந்து பேசி, தொல்லியல் துறைக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். நோட்டுப் புத்தகத்தை நான் வாங்கித் தருகிறேன். முதல் பக்கத்தை மட்டும் மோசிக்கும் அகழூருக்கும் விட்டுவிட்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து உங்கள் பெயர்களை எழுதத் தொடங்குங்கள்.